பூனை இழந்த இனிப்பும் நாய் பெற்ற சோறும்

இனிப்பு என்ற சுவையைப் பூனையால் உணர இயலாது. சர்க்கரை கரைத்த தண்ணீரையும் வெறும் தண்ணீரையும் அருகருகே இரண்டு கிண்ணங்களில் வைத்தால், நாய் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீரையே நாடும். பூனைக்கோ இரண்டும் ஒன்றுதான். பூனையின் இந்த அக்கறையின்மையை உயிரியலாளர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர் என்றாலும், அதற்கான காரணம் 2005ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், சுவையையும் மணத்தையும் மட்டுமே ஆராய்வதற்கென்று நிறுவப்பட்ட மோனெல் மையத்தைச் சேர்ந்த ஷியா லீ, ஜோசப் பிராண்ட் உள்ளிட்ட அறிவியலாளர் அவ்வாண்டில் வெளியிட்ட ஆய்வு, பூனையின் நாவில் இனிப்பை உணரும் அமைப்பே முழுமையாக உருவாவதில்லை என்று காட்டியது.

நாவின் சுவைமொட்டுகளில் உள்ள உயிரணுக்களின் மேற்பரப்பில், உணவின் மூலக்கூறுகள் வந்து பொருந்துவதற்கென அமைந்த புரதங்கள் உள்ளன. இவை ஏற்பிகள் எனப்படும். இனிப்புக்குரிய ஏற்பி, டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் இணைந்து உருவாவது. இவற்றுள் முதலாவது புரதத்தை உருவாக்குவதற்கான குறிப்பைத் தாங்கிய மரபணுவில், டி.என்.ஏ.யின் எழுத்துகள் எனத்தக்க கார இணைகளுள் 247 பூனைக்கு இல்லாமற் போய்விட்டன. அதனால் புரதத்தைக் கட்டும் பணி பாதியிலேயே நின்றுவிடுகிறது. இவ்வாறு உருவில் மரபணுவாக எஞ்சியிருந்தும் பயன்படாமற் போனதைப் போலி மரபணு என்பர். புலியையும் சிவிங்கியையும் சோதித்தபோது அவற்றிலும் இதே பழுது காணப்பட்டதால், வீட்டுப் பூனை மனிதனிடம் வந்து சேர்வதற்கு நெடுங்காலம் முன்பே, பூனைக் குடும்பத்தின் பொது மூதாதையிடமே இது நேர்ந்துவிட்டது என்று கொள்ளப்படுகிறது. இறைச்சியை மட்டுமே உண்டு வாழும் விலங்குக்குப் பழத்தின் இனிப்பை அறிவதால் ஆதாயம் ஏதுமில்லை. ஆதாயமில்லாத மரபணு பழுதுபட்டாலும் அந்தப் பழுதை இயற்கைத் தேர்வு களைவதில்லை. கடற்சிங்கம், புள்ளிக் கழுதைப்புலி முதலிய வேறு சில ஊனுண்ணிகளிலும் இந்த மரபணு தனித்தனியே, வெவ்வேறு இடங்களில் உடைந்து கிடப்பதை அதே மையத்தின் பிந்தைய ஆய்வு கண்டறிந்தது.

அப்படியானால் பூனை பாலைத் தேடி அடுக்களைக்குள் நுழைவது ஏன் என்ற கேள்வி எழும். பாலிலுள்ள கொழுப்பும் புரதமுமே அதை ஈர்க்கின்றன. பாலின் மெல்லிய இனிப்பு அதன் கணக்கில் வருவதேயில்லை. தாய்ப்பால் மறந்த பூனைகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி வெகுவாகக் குறைந்துவிடுவதால், கிண்ணம் நிறைய வைக்கப்படும் பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கையே தருகிறது. தெனாலிராமன் கதையில் பாலைக் கண்டு ஓடிய பூனை, ஒருவகையில் தன் உடல்நலத்துக்கு ஏற்றதையே செய்தது எனலாம். மீனின் மீது பூனைக்குள்ள மோகமோ உண்மையானது. இறைச்சிச் சுவையை உணரும் ஏற்பி பூனையிடம் பழுதின்றி இருப்பதையும், சூரை மீனில் மிகுதியாக உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் ஐனோசின் மோனோபாஸ்பேட் என்ற பொருளும் சேரும்போது அந்த ஏற்பி வலுவாகத் தூண்டப்படுவதையும் 2023இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது.

பூனையின் உடலில் பழுதாகிக் கிடக்கும் மற்றொரு மரபணு, அதை வளர்ப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. உடலுக்குள் புகும் அயற்பொருள்களுடன் குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்து, அவற்றை நீரில் கரையச் செய்து சிறுநீர் வழியே வெளியேற்றுவது கல்லீரலின் பணிகளுள் ஒன்று. இந்த இணைப்பைச் செய்யும் நொதிகளுள் ஒன்றுக்குரிய மரபணு பூனைக் குடும்பம் முழுவதிலும் போலி மரபணுவாகிவிட்டது. செடிகொடிகளைத் தின்னும் விலங்குகளுக்கு அவற்றின் நச்சுப்பொருள்களை நாள்தோறும் கழிக்க வேண்டிய தேவை உண்டு. இறைச்சி தின்னிக்கு அத்தேவை குறைவாக இருந்ததால், இந்த இழப்பும் காட்டில் வாழ்ந்த பூனையைப் பாதிக்கவில்லை. மருந்துப் பெட்டி உள்ள வீட்டில்தான் அது வெளிப்படுகிறது. மனிதர் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனையின் கல்லீரலால் முறையாகக் கழிக்க இயலாததால், அம்மருந்து நச்சுப்பொருளாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஈறுகள் பழுப்பு நிறமாகின்றன, முகம் வீங்குகிறது, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே, வளர்ந்த பூனை ஒன்றைக் கொல்லப் போதுமானது.

நாயின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் சென்றது. பூனை இழந்தவற்றால் ஊனுண்ணியாகவே நிலைத்துவிட, நாயோ மனிதனுடைய உலையிலிருந்து வந்த உணவுக்கு ஏற்பத் தன் மரபணுக்களைப் பெருக்கிக்கொண்டது. அரிசி, கோதுமை, கிழங்கு ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் என்ற நொதியைக் கணையம் சுரக்கிறது. அந்நொதிக்குரிய மரபணு ஓநாயிடம் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு படிகளே உள்ளது. நாயிடமோ அது 4 முதல் 30 படிகள் வரை இருப்பதை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழுவினர் 2013இல் கண்டறிந்தனர். படியெடுக்கும்போது ஒரே பக்கம் தவறுதலாகப் பலமுறை எழுதப்படுவதை ஒத்த இந்தப் பிழை, குப்பைமேட்டில் எறியப்பட்ட கஞ்சியையும் எச்சிற்சோற்றையும் தின்று பிழைக்க வேண்டியிருந்த விலங்குக்குப் பேருதவியாக அமைந்தது. உழவுத் தொழில் பரவிய காலத்தைச் சேர்ந்த, சுமார் 7,000 ஆண்டுகள் பழமையான ஐரோப்பிய நாய் எலும்புகளிலும் கூடுதற்படிகள் காணப்பட்டுள்ளன. ஆஸ்திரேலியாவின் டிங்கோ நாய்களிடமோ பொதுவாக ஓநாய்க்குரிய இரண்டு படிகள் மட்டுமே உள்ளன. உழவர்களை விட்டு விலகி வேட்டையாடி வாழ்ந்த அவ்விலங்குக்குச் சோற்றைச் செரிக்கும் தேவையே ஏற்படவில்லை. தெருநாய் பழைய சோற்றைத் தின்று தெம்பாகத் திரிவதைப் பார்த்து, அது வேறு வழியின்றித் தின்கிறது என்று எண்ணுவோர் உண்டு. அதன் கணையத்தைப் பொறுத்தவரை சோறு பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகிய உணவே.

உணவைப் பற்றிய பேச்சில் லேப்ரடார் நாயை விட்டுவிட இயலாது. எவ்வளவு தின்றாலும் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் இந்த இனத்தை, வளர்ப்போர் அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று கால்நடை மருத்துவர்கள் குறைகூறுவது வழக்கம். அந்தக் குறையில் ஒரு பகுதி நியாயமற்றது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபன் தலைமையிலான குழு 2016இல் காட்டியது. வயிறு நிறைந்தது என்ற செய்தியை மூளைக்குள் கடத்தும் பொருள்கள், பி.ஓ.எம்.சி. என்ற மரபணு உருவாக்கும் பெரிய புரதம் ஒன்றைத் துண்டாடுவதன் மூலம் கிடைக்கின்றன. லேப்ரடார்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் இந்த மரபணுவின் 14 எழுத்துகள் விடுபட்டுள்ளமையால், அச்செய்திப் பொருள்களுள் இரண்டு சரிவர உருவாவதில்லை. பழுதான படி ஒவ்வொன்றுக்கும் நாயின் எடை சராசரியாக 2 கிலோவை ஒட்டிக் கூடுகிறது. அது மட்டுமன்றி, இத்தகைய நாய்கள் ஓய்வாக இருக்கும்போது மற்றவற்றைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவான ஆற்றலையே செலவிடுகின்றன என்று 2024இல் வெளியான தொடராய்வு கூறியது. பசி கூடுதல், செலவு குறைவு என்ற இந்த இரட்டைச் சுமையோடு பிறக்கும் நாயைக் கட்டுடலாக வைத்திருப்பது எவருக்கும் எளிதன்று. பார்வையற்றோர் முதலானோருக்கு உதவப் பயிற்றுவிக்கப்படும் லேப்ரடார்களை அதே 2016 ஆய்வில் சோதித்தபோது, அவற்றுள் 76 விழுக்காட்டில் இந்தப் பழுது இருந்தது. பயிற்சி என்பது பெரும்பாலும் தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுத்துச் செய்யப்படுவது; ஆகவே, தீராப் பசியுள்ள நாயே நல்ல மாணாக்கனாகத் தேறி, அதுவே இனப்பெருக்கத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக் கூடும் என்ற விளக்கம் ஏற்கத்தக்கதாகவே உள்ளது.

நாய்களின் உருவ வேறுபாடும் இத்தகைய சில பிசகுகளின் விளைவே. உள்ளங்கையில் அடங்கும் சிவாவாக் குட்டிக்கும் கன்றுக்குட்டி உயரமுள்ள கிரேட் டேனுக்கும் இடையிலான வேறுபாட்டில் கணிசமான பங்கு, வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.1 என்ற ஒற்றை மரபணுவைச் சார்ந்தது என்று 2007இல் அறியப்பட்டது. சிற்றுருவம் தரும் அம்மரபணு வடிவம் மனிதனின் தேர்வால் அண்மையில் தோன்றியது என்றே பலரும் கருதிவந்தனர். சைபீரியாவில் கிடைத்த 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓநாயிடமே அது இருந்ததை 2022இல் வெளியான ஆய்வு காட்டியதும் அக்கருத்து மாறிவிட்டது. குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்டும் பாசெட் ஹவுண்டும் வேறொரு வளர்ச்சி மரபணுவின் மிகைப்படி ஒன்று இடம் மாறிச் செருகிக்கொண்டதால் உருவானவை.

பூனையின் உரோமத்துக்கு வந்தால், மரபியல் பாடநூல்கள் பலவற்றில் இடம்பெறும் மூவண்ணப் பூனையைச் சந்திக்க நேர்கிறது. கருமை, செம்மஞ்சள், வெண்மை ஆகிய மூன்றும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருக்கும். செம்மஞ்சள் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருப்பதே இதன் காரணம். ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. எனவே அது செம்மஞ்சளாக இருக்கும், அல்லது கருமையாக இருக்கும். பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு என்பதால், ஒன்றில் செம்மஞ்சளுக்குரிய வடிவமும் மற்றொன்றில் கருமைக்குரிய வடிவமும் அமைய வாய்ப்புண்டு.

ஆனால், இரண்டும் சேர்ந்து ஓர் இடைநிறத்தைத் தராமல் தனித்தனித் திட்டுகளாகப் பிரிவது எவ்வாறு என்பதே சுவையான பகுதி. கனடாவைச் சேர்ந்த மரே பார் 1949இல் பூனைகளின் நரம்பணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, பெண் பூனையின் அணுக்கருவில் மட்டும் சிறு கரும்புள்ளி ஒன்று தென்படுவதையும் ஆண் பூனையிடம் அது இல்லாததையும் கண்டார். செயலற்றுச் சுருண்டுகிடக்கும் எக்ஸ் குரோமோசோமே அப்புள்ளி என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று மனித மருத்துவத்திலும் ‘பார் உடலம்’ என வழங்கும் அமைப்பு முதன்முதலில் பூனையிடமே காணப்பட்டது. இங்கிலாந்தின் மேரி லயன் 1961இல் எலிகளின் உரோம நிறத்தை ஆராய்ந்து, பெண் பாலூட்டியின் கரு வளரும் தொடக்க நிலையில் ஒவ்வோர் உயிரணுவும் தன் இரண்டு எக்ஸ்களுள் ஒன்றை எவ்வித முறையுமின்றி அணைத்துவிடுகிறது என்றும், அந்த அணுவின் வழித்தோன்றல்கள் அனைத்தும் அதே முடிவைப் பின்பற்றுகின்றன என்றும் விளக்கினார். பூனையின் தோலில் செம்மஞ்சளும் கருமையும் மாறிமாறி வருவது, எந்த நிறமி அணுவின் வழித்தோன்றல்கள் எந்த எக்ஸை அணைத்தன என்பதைக் கண்ணால் காணத்தக்க வகையில் வரைந்து காட்டும் படமாகும். மிக அரிதாக மூவண்ண ஆண் பூனையும் பிறப்பதுண்டு. அதன் அணுக்களில் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் சேர்ந்து இருக்கும், பெரும்பாலும் அது மலடாகவே இருக்கும்.

செம்மஞ்சளுக்குக் காரணமான மரபணு எது என்பது மட்டும் அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடிபடாமலே இருந்தது. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்து ஹிரோயுகி சசாகியின் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து கிரெக் பார்ஷின் குழுவும் தனித்தனியே முயன்று, ஆர்ஹ்கேப்-36 என்ற மரபணுவில் ஏறத்தாழ 5,000 எழுத்துகள் விடுபட்டிருப்பதே காரணம் என்று கண்டு, 2025இல் தம் முடிவுகளை வெளியிட்டன. இந்த விடுபாடு மரபணுவை முடக்குவதில்லை. மாறாக, நிறமி அணுக்களில் உறங்கிக்கிடக்க வேண்டிய அம்மரபணுவை விழிக்கச் செய்துவிடுகிறது, அதனால் கரிய நிறமி உருவாவது தடைப்பட்டுச் சிவந்த நிறமி மேலோங்குகிறது. சசாகி தம் ஆய்வுக்காகப் பூனைப் பிரியர்களான பொதுமக்களிடமும் நிதி திரட்டினார்.

எக்ஸ் அணைப்பின் விளைவை எதிர்பாராத வகையில் மெய்ப்பித்தது, உலகின் முதல் படியாக்கப் (குளோனிங்) பூனை. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில், ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் உடலணு ஒன்றிலிருந்து உருவாக்கப்பட்டு 2001 டிசம்பர் 22 அன்று பிறந்த அக்குட்டிக்கு ‘சிசி’ என்று பெயரிடப்பட்டது. இரண்டின் அணுக்கரு டி.என்.ஏ.யும் ஒன்றே. எனினும், குட்டியின் மேல் பழுப்பு வரிகளும் வெண்மையும் இருந்தனவே தவிர, செம்மஞ்சள் மருந்துக்கும் இல்லை. படியாக்கத்துக்கு எடுக்கப்பட்ட அந்த ஓர் அணுவில் செம்மஞ்சளுக்குரிய எக்ஸ் ஏற்கெனவே அணைக்கப்பட்டிருந்ததும், அணைந்தது குட்டியிடம் மீண்டும் விழிக்காததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இறந்த செல்லப் பூனையை அதே உருவில் திரும்பப் பெற்றுவிடலாம் என்று எண்ணிப் பெருந்தொகை செலவிட முன்வருவோர் இன்றும் உள்ளனர். அவர்கள் முதலில் சிசியின் படத்தைப் பார்ப்பது நல்லது. தன் மூலப் பூனையை ஒத்திராத அந்தப் பூனை குட்டிகளும் ஈன்று, 18 வயது வரை வாழ்ந்து 2020இல் இறந்தது.

மூன்றாவது நிறமான வெண்மையோ உண்மையில் நிறமே அன்று. கருவில் நிறமி அணுக்கள் முதுகந்தண்டை ஒட்டிய பகுதியில் தோன்றி, அங்கிருந்து விலா வழியாக வயிற்றையும் பாதங்களையும் நோக்கி நகர்கின்றன. நகர்வு குறைபட்டால், அவை சென்று சேராத இடங்கள் வெளுப்பாக எஞ்சுகின்றன. பல பூனைகளுக்கும் நாய்களுக்கும் முதுகு கருத்து, வயிறும் பாதங்களும் வெளுத்திருப்பதன் காரணம் இதுவே. இந்த நகர்வில் நேரும் குறை தோலோடு நின்றுவிடுவதில்லை. உட்செவியில் ஒலியதிர்வை நரம்புச் சைகையாக மாற்றும் அணுக்கள் இயங்குவதற்குத் தக்க உப்புச் சமநிலையைப் பேணுவதில் நிறமி அணுக்களுக்கும் பங்குண்டு. அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே செவியணுக்கள் அழிந்துவிடுகின்றன. முழு வெள்ளைப் பூனைகளுள் இரண்டு கண்களும் நீலமாக உள்ளவை பெரும்பாலும் செவிடாக இருப்பது டார்வின் காலத்திலேயே அறியப்பட்ட செய்தி. 1859இல் வெளியான தம் நூலில் அவர் இதைக் குறிப்பிட்டுள்ளார். புள்ளிகளுக்குப் பெயர்பெற்ற டால்மேஷன் நாய்களிலும் பிறவிச் செவிடு மிகுதி. விருதுநகர் மாவட்டத்தின் பெருமையாக 2005இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற ராஜபாளையம் நாயிடமும் இக்குறை காணப்படுகிறது. பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட குட்டிக்கே சந்தையில் மதிப்பு என்றாகிவிட்டதால், வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாக நிறமி குறைந்த நாய்களையே இணைசேர்த்து, காவலுக்கென வாங்கப்படும் நாயின் காதையே அறியாமல் விலையாகக் கொடுத்துவருகின்றனர். குட்டி வாங்குவோர், அது தூங்கும்போதோ முதுகு காட்டி நிற்கும்போதோ தரையில் அதிர்வு ஏற்படுத்தாமல் பின்னாலிருந்து ஓசை எழுப்பிப் பார்ப்பது, நிறத்தைப் பார்ப்பதினும் முதன்மையானது.

மரபணுப் பிசகுகளின் எல்லை எதுவரை செல்லும் என்பதற்குச் சான்றாக, இறந்து பல்லாயிரம் ஆண்டுகளாகியும் இன்றளவும் உயிரோடிருக்கும் நாய் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தெருநாய்களின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் வடிவில் தோன்றி, குருதி கசியும் கட்டியைப் பலரும் கண்டிருப்பர். பொதுவாகப் புற்றுநோய் என்பது நோயுற்ற உடலின் சொந்த அணுக்களே கட்டுமீறிப் பெருகுவதாகும். அந்த உடல் இறந்தால் அதுவும் இறக்கும். இக்கட்டி அப்படிப்பட்டதன்று. இணைசேரும்போது ஒரு நாயின் கட்டியிலிருந்து உயிருள்ள அணுக்கள் மற்றொன்றின் உடலில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி, ஒரு நாயின் கட்டியை மற்றொரு நாய்க்கு மாற்றி வளரச் செய்ய இயலும் என்பதை 1876இலேயே செய்து காட்டினார். 2006இல் லண்டன் ஆய்வாளர் கட்டிகளின் டி.என்.ஏ.யை அவற்றைச் சுமந்த நாய்களின் டி.என்.ஏ.யோடு ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை. வெவ்வேறு நாடுகளின் கட்டிகள் தமக்குள் பொருந்தின. நாயின் அணுவில் 78 குரோமோசோம்கள் இருக்க, கட்டியின் அணுவில் 57 முதல் 64 வரையே உள்ளன.

உலகிலுள்ள இத்தகைய கட்டிகள் அனைத்தும் ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய புற்றணுக்களின் வழித்தோன்றல்கள். 43 நாடுகளிலிருந்து திரட்டிய 546 கட்டிகளை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, அந்த முதல் நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் வாழ்ந்தது. அதன் உடல் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அதன் அணுக்களோ கப்பலேறிக் கண்டம் கடந்து, சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காக்களையும் அடைந்து, இன்றைய நாய்களின் உடல்களில் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு நெடுங்காலம் எத்தனையோ நாய்களின் நோயெதிர்ப்பை ஏய்த்துப் பிழைத்த இந்தப் புற்று, மருந்துக்கு மட்டும் எளிதில் பணிந்துவிடுகிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் வாரம் ஒருமுறை ஊசியாகச் செலுத்தினால், பெரும்பாலான நாய்களில் சில வாரங்களுக்குள் கட்டி முற்றிலும் மறைந்துவிடும். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் ஊர்களில் நாய்கள் இணைசேர்வது குறைவதால், இக்கட்டி பரவுவதும் குறைகிறது.